சாம்ரியின் தலை

கேள்வி: ராம்சே சகோதரர்களின் பேய்ப் படங்களை இன்றும் ரசிக்க முடியுமா?
– ஒரு வாசகர், உல்லாஸ்நகர்

பதில்: தாராளமாக. பிரிவினையின்போது கராச்சியிலிருந்து வந்த சிந்திக் குடும்பம் அது. உங்கள் உல்லாஸ்நகரை உருவாக்கிய சிந்தி அகதிகளின் கதைதான் அவர்களுடையதும். இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் 1958இல் 'டிராகுலா'வில் காட்டிய ரத்தச் சிவப்பையும் மாளிகையையும் நம் ஊர் ஹவேலிக்கும் குலசாபத்துக்கும் பொருத்தினார்கள். 'புரானா மந்திர்' (1984) பாருங்கள். அதில் வரும் அரக்கன் சாம்ரியின் தலை பெட்டியில், உடல் கோயிலுக்குப் பின்னால். சாம்ரியாக நடித்த அனிருத் அகர்வாலின் நெடிய உருவமும் ஒட்டிய கன்னமுமே குலை நடுங்க வைக்கும். ஹாமர் படத்தில் கிறிஸ்டோபர் லீயின் டிராகுலாவும் அப்படித்தான்: ஆரம்பக் காட்சிகளுக்குப் பிறகு வாய் திறப்பதில்லை. பயம் பார்வையிலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. கதையை அறுக்கும் நகைச்சுவை ராம்சேக்களுடையது. பெண்ணை வெறும் உடலாகப் பார்க்கும் கேமரா, பிற்கால ஹாமர் படங்களிலும் உண்டு. அதை மன்னிக்க வேண்டாம். ராம்சேக்களின் கைத்திறனை மறக்கவும் வேண்டாம்.