சொதியைக் கண்டால் ஓங்காளிக்கும் பிள்ளை

கேள்வி: ஐந்து வயதுப் பிள்ளை வெறும் சோறும் பாணும் தவிர எதையும் தொடுவதில்லை, சொதி பட்ட இடியப்பத்தைக் கண்டாலே ஓங்காளிக்கிறது. இது பிடிவாதமா?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: மணத்தையும் வழுவழுப்பையும் மூளை அளவுக்கு மீறி உணரும் புலனுணர்வு மிகைக்கூர்மை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் பரவலாகவும் ஏனையோரிடம் ஓரளவும் காணப்படுவதால், இத்தகைய மறுப்பைப் பிடிவாதமென்று தண்டிப்பது பெருந்தவறு. இம்மறுப்பினால் எடையோ சத்தோ குறையுமாயின், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வரையறுத்த தவிர்ப்பு–மட்டுப்பாட்டு உணவுக் கோளாறாக அது இருக்கலாம்.

மலச்சிக்கல், பல்வலி, விழுங்கற் சிரமம், இரும்புச்சத்துக் குறைவு ஆகியன உண்டா என்பதைப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்தில் குழந்தைநல வைத்தியர் முதலில் ஆராய வேண்டும். அதன்பின் பேச்சு–மொழிச் சிகிச்சையாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் துணைநிற்பர்.

அவர்கள் கையாளும் உணவுச் சங்கிலி முறை, ஏற்ற உணவிலிருந்து அதையொத்த அடுத்த உணவுக்குச் சிறு மாற்றங்களால் நகர்வதாகும்: வெறும் சோற்றிலிருந்து வெள்ளைப் பிட்டு, பின்னர் உலர்ந்த இடியப்பம், அதன்பின் தனிக் கிண்ணத்தில் சொதி வைத்து, பார்ப்பது, மணப்பது, விரல்நுனியால் தொடுவது, நாவில் வைப்பது எனப் படிப்படியாகச் செல்லலாம். ஓர் உணவு ஏற்கப்படப் பத்துக்கும் மேற்பட்ட தடவைகள் தேவைப்படலாமாகையால், வற்புறுத்தி ஊட்டாமல், எதை எப்போது பரிமாறுவதென்பதைப் பெற்றோரும், எவ்வளவு உண்பதென்பதைப் பிள்ளையும் தீர்மானிப்பதே நலம்.