மத்தி மீன் சொல்லும் பாடம்



மத்தி மீன் முன்பு மலையாளக் கரைக்கே உரியது. 1980-க்கு முன் நம் சோழமண்டலக் கரையில் அது அபூர்வம்; பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிற்பாடு இங்கும் ஏராளமாய் அகப்படலாயிற்று. காரணம் என்ன? கடலின் உஷ்ணம் கூடிவருவதே முக்கிய காரணமென்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லுகிறார்கள்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் ஆகாயத்தில் கரியமில வாயு பெருகி, பூமியின் சூட்டைப் போர்வைபோல் தடுக்கிறது. இப்படி மிஞ்சும் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்குமேல் கடல் ஏற்றுக்கொள்ளுகிறது. தண்ணீரின் சூடே மத்தியின் உடற்சூடு. ஆகையால் அது தனக்கேற்ற இடம் தேடிப் போகிறது.

வந்த மீன் என்றும் நிலைக்குமென்று எண்ணவேண்டாம். கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-ல் 3,297 டன்னாகக் குறைந்தது. கடலின் மாறுதலோடு, குஞ்சு மீனை வாரியதும் ஒரு காரணம். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பது இப்போது அங்கே குற்றம்.

கடலின் சூட்டைக் காரைக்கால் மாத்திரம் தணிக்க முடியாது. வலைக்கண்ணோ நம் கையில் இருக்கிறது. "பொடிக்கண் வலையை விட்டால் டீசல் கடனை எப்படி அடைப்பது?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று விற்கும் ஒரு கூடைக் குஞ்சு, நாளைய பல கூடை மீன் அல்லவா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடையை விசைப்படகுக்காரர் பொறுமையாய் அனுசரிப்பார்களாக. கடலுக்குப் போகாத குடும்பங்களோ, சந்தையில் விரலளவு மத்தியைக் கண்டால் வாங்காதிருங்கள். வாங்குவாரில்லாத மீனைப் பிடிப்பாரும் இல்லை.