சாரல் நாளில் உபவாசம்

அன்பு மகனுக்கு,

பெரியம்மா எழுதுவது. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது, உன் ஹோட்டலில் நிற்க இடமில்லை என்று உங்கம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் நீ உபவாசம் இருப்பதையும் சொன்னாள். மனசு நிறைந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் பசித்திருந்து ஜெபிப்பது யாருக்கும் புதிதில்லை. கடையநல்லூரில் நோன்புக் கஞ்சி, பண்பொழித் திருமலைக்கோயிலுக்குச் சஷ்டி விரதம், நமக்கு லெந்து நாட்கள். 2025-இல் லெந்து தொடங்கிய சாம்பல் புதன் மார்ச் 5. ரம்ஜான் நோன்பும் அதே வாரம்தான் தொடங்கியிருந்தது. ஆதிச் சபையார் புதனும் வெள்ளியும் உபவாசித்தார்கள். ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாளை நீயும் எடுத்திருக்கிறாய். நல்லது.

ஆனால் ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசி. உபவாசித்தும் தேவன் பார்க்கவில்லையே என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். அவர்கள் சாப்பிடாமல் இருந்ததை அவர் பெரிதாக எடுக்கவில்லை. அன்றைக்கு வேலையாட்களை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்கிறார். முதலாளிக்கு இதைவிட நேரான அதிகாரம் வேதத்தில் இல்லை என்பேன்.

சீசனில் உன் பரோட்டா மாஸ்டர் விடியலிலிருந்து அடுப்படியில் நிற்கிறார். மேஜை துடைக்கிற பையனும் பாத்திரம் கழுவுகிற அக்காவும் மத்தியானச் சோறு உண்ண நாலு மணி ஆகிவிடுகிறது. அது உபவாசம் இல்லையய்யா, பட்டினி. நீ பசியோடு கல்லாவில் உட்கார்ந்து அவர்கள் மேல் எரிந்து விழுந்தால், உன் உபவாசத்தின் பாரத்தைச் சுமப்பது அவர்கள்தான். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவர்களை இரண்டு பந்தியாக உட்காரவை. உன் கையாலேயே பரிமாறு. கூலியை அன்று இருட்டுவதற்குள் கொடுத்துவிடு.

நீ சாப்பிடாத சாப்பாட்டின் காசு கல்லாவில் தங்கக் கூடாது. உலை வைக்கும்போதே பிடி அரிசி எடுத்துவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்ததே, அப்படி அன்றே தனியே எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடு.

உடம்பையும் பார்த்துக்கொள். சாது சுந்தர் சிங் 1913-இல் 40 நாள் உபவாசத்துக்குத் துணிந்து, மெலிந்து கிடந்த நிலையில் பிறர் தூக்கிவர வேண்டியதாயிற்று. உனக்குச் சர்க்கரை மாத்திரை வேறு. டாக்டரைக் கேட்காமல் காலைச் சாப்பாட்டை விடாதே; அவர் வேண்டாம் என்றால் இறைச்சியையும் டீயையும் மட்டும் விடு, போதும். தண்ணீர் நிறையக் குடி. சாயங்காலம் கஞ்சியோடு முடி, பரோட்டாவோடு அல்ல.

முகத்தை வாட விடாதே. உபவாசிக்கிறவன் தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவ வேண்டும் என்றார் ஆண்டவர். முன்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கவே ஜனம் வந்த ஊரில் இருக்கிறாய், உனக்கா கஷ்டம்? உங்கம்மாவுக்குத் தெரிந்தது போதும், சபையில் சொல்ல வேண்டாம்.

கூட்டம் குறைந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியம்மா