கப்பலும் செக்கும்

பொதிய மலையிற் பிறந்து, நெல்வயல்களை வளப்படுத்தி, கீழ்க்கடலிற் சென்று கலக்கும் தாமிரவருணியைப் பழம்புலவர் பொருநை என்று போற்றினர். அப்பொருநை கடலோடு கலக்கும் இடத்திலே பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை விளங்கிற்று. கொற்கையின் முத்து யவன நாடுவரை சென்று விலைபோயிற்று. பின்பு ஆற்று மண் படிந்து கடல் பின்வாங்கவே, கொற்கை உள்நாட்டுச் சிற்றூராகியது. நாளடைவில் கடல் வாணிகம் தூத்துக்குடியைச் சென்று சேர்ந்தது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல்களில் தமிழர் பயணிகளாகச் சென்றனர், மூட்டை சுமந்தனர், அக்கப்பல்களுக்கு உரியவர் என்று சொல்ல அவருள் ஒருவரும் இலர். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்னும் ஆங்கில நிறுவனமே அக்கடல் வழியை ஆண்டுவந்தது. அதனை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வழக்கறிஞர் வ. உ. சிதம்பரனார்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. கட்டபொம்மன் கோட்டை கட்டி வாழ்ந்த பாஞ்சாலங்குறிச்சி அதற்கு அண்மையிலேயே உள்ளது. தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கல்வி பயின்று, திருச்சிராப்பள்ளியில் சட்டம் கற்று, மைந்தரும் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் பெறாமல் நடத்துவது அவர் வழக்கம். இதனால் புகழ் வளர்ந்தது. காவல் அதிகாரிகளின் பகையும் உடன் வளர்ந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடியேறினார்.

1905ஆம் ஆண்டில் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். அதனைக் கண்டித்து எழுந்ததே சுதேசி இயக்கம். அந்நியப் பொருளை விலக்குவது அதன் படைக்கலம். இப்படைக்கலத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பாய்காட்’ என்ற பெயர் அயர்லாந்திலே பிறந்தது என்பதை மாணவர் அறிதல் நலம். 1880ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் பாய்காட் என்னும் நிலக் காரியஸ்தர் ஒருவர் குடியானவரை நெருக்கினார். பார்னெல் என்னும் ஐரியத் தலைவர் காட்டிய வழியில் ஊரார் அவரை ஒதுக்கி வைத்தனர். வயலில் வேலை செய்ய ஆள் இல்லை. கடையில் அவருக்குப் பண்டம் இல்லை. அவர் பெயரே அச்செயலுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அந்நாட்டு ஆர்தர் கிரிஃபித் 1905ஆம் ஆண்டில் வகுத்த ‘சின் பெயின்’ கொள்கையில், அயர்லாந்துக்கெனச் சொந்த வணிகக் கப்பல்கள் வேண்டும் என்பதும் ஒன்றாகும். உலகின் இருவேறு கோடிகளில், ஒரே பேரரசின்கீழ் வாடிய இரு நாட்டினர்க்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே எண்ணம் தோன்றியது வியப்பே.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் வகுக்கப்பட்டன. மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர், சிதம்பரனார் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வள்ளல் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்கு அமர்த்திய கப்பலையும், வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலுக்கு அஞ்சி, உரியவர் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சிதம்பரனார் சோரவில்லை; கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்குக் கொணர்ந்தார். பின்னர்ச் சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது, கப்பலின்றித் திரும்பேன் என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். 1907ஆம் ஆண்டில் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கு உரிமையாயின. காலியா ஒன்றே 1,300 பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் தாங்க வல்லது.

போட்டி கடுமையாயிற்று. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; மேலும் குறைத்தது; இறுதியில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லவும், ஏறுவோர்க்குக் குடை ஒன்று இலவசமாகத் தரவும் முன்வந்தது என்பர். பெருமுதல் உடையோர் நட்டத்தைத் தாங்குவர். இருபத்தைந்து இருபத்தைந்து ரூபாயாகத் திரட்டிய சிறுமுதல் எத்தனை நாள் தாங்கும்? பங்குதாரருட் சிலர், செயலாளரின் அரசியல் ஆர்வம் வாணிகத்திற்குக் கேடாகுமென அஞ்சினர். அவர் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. ஆயினும் நாட்டுப் பற்றை நீக்கிவிட்டால் அக்கம்பெனிக்கு மக்கள் பணம் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும், வத்தலக்குண்டிலிருந்து வந்த நாவன்மை மிக்க சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். பட்டினி கிடந்த தொழிலாளர்க்கு ஊரார் பொருள் உதவினர். ஒரு வாரத்திற்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்து முடிவுற்றது. அவ்வெற்றியின் மகிழ்ச்சி அடங்குமுன், வங்கத் தலைவர் விபின் சந்திர பாலரின் விடுதலை நாள் வந்தது. அதனைக் கொண்டாடும் பொருட்டுத் தூத்துக்குடியிலும், திருநெல்வேலியில் தாமிரவருணிக் கரையிலுள்ள தைப்பூச மண்டபத்திலும் தலைவர்கள் பேசினர். மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பெற்றனர்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைபட்டன. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவற்றில் தீ மூண்டது. காவலர் சுட்டதில் நால்வர் உயிர் நீத்தனர். தூத்துக்குடியிலோ, சில நாட்களுக்கு முன் கூலி உயர்வு பெற்று வேலைக்குத் திரும்பிய அதே தொழிலாளர், இம்முறை தமக்கென ஒன்றும் கேளாமல், தலைவர் சிறைப்பட்டமைக்காகவே ஆலையை விட்டு வெளியேறினர். நாவிதரும் வண்ணாரும் வண்டிக்காரரும் ஆட்சியாளர் பக்கம் நின்றோர்க்குத் தொழில் செய்ய மறுத்தனர். முகம் மழித்துக்கொண்டிருந்த ஒருவர் கைதானவரை இகழ்ந்து பேசவே, நாவிதர் பாதியில் கத்தியை மடித்து எழுந்து போனார் என்ற செய்தி ஊரார் வாயில் நெடுநாள் வழங்கிற்று. அயர்லாந்துக் குடியானவர் பாய்காட்டுக்குச் செய்ததை அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஊரோடு ஒத்து வாழாதவனை ஊர் ஒதுக்கும் என்பது நம் சிற்றூர்களிலும் பழைய வழக்கமே.

வழக்கு திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே முன்னிலையில் நடைபெற்றது. 1908ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரசுக்கு எதிராகப் பேசிய குற்றத்திற்கு 20 ஆண்டுகள். சிவாவுக்கு உடந்தையாயிருந்த குற்றத்திற்கு 20 ஆண்டுகள். ஆக 40 ஆண்டுகள் நாடுகடத்தல். சிதம்பரனார்க்கு அப்போது வயது முப்பத்தைந்து. சிவாவுக்குப் 10 ஆண்டுகள் விதிக்கப்பெற்றது. தீர்ப்பைக் கேட்ட சிதம்பரனாரின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பின்னர் அவர் தெளிவு பெறவே இல்லை. இலண்டனில் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபுவும், இத்தகைய கொடுந்தண்டனைகளைத் தாம் ஆதரித்து நிற்க இயலாது என்று அரசப் பிரதிநிதி மிண்டோவுக்கு எழுதினார். மார்லி முன்னாளில் அயர்லாந்தின் தலைமைச் செயலராயிருந்து, அந்நாட்டின் தன்னாட்சிக் கோரிக்கையை ஆதரித்தவர். மேல்முறையீட்டின் முடிவில் தண்டனை 6 ஆண்டுகளாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கை வெயிலில் இழுக்குமாறு அவரை ஏவினர். பகலெல்லாம் உடல் நொந்த அம்மனிதர் கிடைத்த ஓய்வில் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலைத் தமிழாக்கினார். அது ‘மனம்போல வாழ்வு’ என்ற பெயரில் 1909ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். வெளியேயோ, அவரின்றிக் கப்பல் கம்பெனி தளர்ந்தது. 1911ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது; கப்பல்கள் விற்கப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள், திருநெல்வேலி ஆட்சித் தலைவர் ஆஷ் மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். தூத்துக்குடியில் உதவி ஆட்சியாளராயிருந்து சுதேசியரை ஒடுக்கியவர் அவரே.

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் சிதம்பரனார் விடுதலை பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர்க்காக நகரங்கள் தீப்பற்றின. சிறைவாயிலில் இப்போது சிவா முதலிய சிலரே நின்றனர் என்பர். வழக்கறிஞர் உரிமை பறிபோயிற்று, கைப்பொருளும் கரைந்தது. சென்னையில் குடியேறிச் சிறு கடை நடத்தியும் வறுமை தீரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்க்கென்று காந்தியடிகளிடம் கொடுத்திருந்த தொகை உண்டு. அதனைக் குறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் பல நடந்து, 347 ரூபாய் 12 அணா 1916ஆம் ஆண்டில் அவர் கைக்கு வந்தது. இலட்சங்களில் கணக்கெழுதிய கை அத்தொகைக்குக் காத்திருந்தது!

பிற்பாடு வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி முயன்று வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்தார். அந்நன்றியைப் போற்றிச் சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை வெறுத்தவர்க்கு வெள்ளையரிடம் பகையில்லை. 1920ஆம் ஆண்டில் ஒத்துழையாமைக் கொள்கையை ஏற்க இயலாமற் காங்கிரசினின்றும் விலகினார். கோவிற்பட்டியில் வழக்காடியும், தமிழ் நூல்களை ஆராய்ந்தும் எஞ்சிய காலத்தைக் கழித்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். ‘மெய்யறம்’ முதலிய நூல்களை இயற்றினார். தம் வரலாற்றைச் செய்யுளாகவே எழுதினார். 1932ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குத் திரும்பிய அவர், 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவர் எழுதிய தன்வரலாறு 1946ஆம் ஆண்டு அச்சேறியது. தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பெற்றது. அவர் கோவைச் சிறையில் இழுத்த செக்கு, சென்னைக் கிண்டியில் காந்தி மண்டபத்தை ஒட்டிய தோட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது.