மறைந்த தேய்வு

மனிதன் தன் கால்களின் ஆற்றலைப் பெருக்கிக்கொள்வதற்குக் கண்ட கருவிகளுள் மிதிவண்டி சிறந்த ஒன்றாகும். 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் காவென்டிரி நகரத்தில் ஸ்டார்லி என்பவர், சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியை உருவாக்கினார். இன்றைய மிதிவண்டிகளின் அடிப்படை அமைப்பு அதுவே. இவ்வெளிய பொறியும் பேணாதுவிடின் தேயும்; அத்தேய்வு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத இடத்திலேயே தொடங்கும்.

சிற்றூர் ஒன்றில் பள்ளி மாணவன் ஒருவன் இருந்தான். நாள்தோறும் தன் தங்கையைக் கேரியரில் அமர்த்திக்கொண்டு, ஏரிக்கரையில் ஏறி இறங்கிப் பள்ளிக்குச் செல்வது அவன் வழக்கம். ஆயுத பூசைக்கு முதல்நாள் மாலை, அவன் தன் மிதிவண்டியைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெயிட்டான். புதிய மணி ஒன்று வாங்குவதற்காகச் சேர்த்த பணமும் அவனிடம் இருந்தது. வேலை முடிந்ததென்று எண்ணிப் பின்சக்கரத்தைச் சுழற்றினான். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனார் அவ்வொலியைக் கேட்டார். அவர் இளமையில் மாட்டுவண்டி ஓட்டியவர்.

"தம்பி, குடத்துக்குள் ஏதோ அரைபடுகிறது; சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்" என்றார்.

"இப்பொழுதுதானே துடைத்தேன், தாத்தா!"

"நீ துடைத்தது வெளிப்புறத்தை."

அசைத்தபோது சக்கரம் இருபுறமும் ஆடியது. மாணவன் சக்கரத்தைக் கழற்றி அச்சை உருவினான். குடத்தின் இருபக்கமும் பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குல எஃகுக் குண்டுகள் இருந்தன. மசகு கருத்து, மணலோடு கலந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தான். குண்டுகள் பல பளபளப்பிழந்து சொரசொரப்பாய் இருந்தன, ஒன்று பிளந்திருந்தது. அவை உருளும் கூம்பிலும் சிறு குழிகள் விழுந்திருந்தன.

ஐயம் பிறக்கவே, சங்கிலியையும் கழற்றிக் கழுவி, இழுத்துப் பிடித்து அளந்தான். சங்கிலியின் ஆணிக்கும் ஆணிக்கும் இடையே அரை அங்குலம்; ஆதலின் இருபத்துநான்கு கண்ணிகளின் நீளம் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருத்தல் வேண்டும். அது வீசம் அங்குலம் மிகுமாயின் சங்கிலியை மாற்றவேண்டும். அரைக்கால் அங்குலம் மிகுமாயின் அது ஓடிய பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். மாணவன் கண்டது அரைக்கால் அங்குலம். பற்களும் கொக்கிபோல் வளைந்திருந்தன.

"இரும்பு இவ்வளவு நீளுமோ, தாத்தா?" என்று வியந்தான்.

"இரும்பு நீளவில்லை, ஆணிகள் தேய்ந்து இடைவெளி மிகுந்தது. புழுதியைத் துடைக்காமல் அதன்மேலேயே எண்ணெய் விட்டுவந்தாய். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரம்போல் அராவும்" என்றார் பாட்டனார்.

பேணுவதாக எண்ணிச் செய்த செயலே கேடாய் முடிந்தமை கண்டு மாணவன் வாடினான். கூம்பைச் சற்றே இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும், மறுநாள் பூசையில் வண்டி அழகுற நிற்கும், புதிய மணியும் வாங்கலாம், ஒருவரும் அறியார். ஆயினும், பிளந்த குண்டு சிக்கினால் இறக்கத்தில் சக்கரம் தடைபடக்கூடும். ஏற்றத்தில் சங்கிலி பல்லை விட்டுத் துள்ளினால் மிதிப்பவன் நிலைதடுமாறுவான். பின்னே அமர்ந்திருப்பவளோ ஒன்றும் அறியாத தங்கை. அவள் முகம் நினைவுக்கு வந்ததும் அவன் ஐயம் நீங்கியது.

"பிளந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா, தாத்தா?"

"போதாது. தேய்ந்தவற்றின் நடுவே புதியது ஒன்றை இட்டால் பாரம் முழுவதும் அதன்மேல் விழும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்று."

மறுநாள் சைக்கிள் கடை இல்லை. ஆகவே, பின்சக்கரம் இல்லாமலே மிதிவண்டி சுவரில் சாய்ந்து நின்றது. மாணவன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டான். கடை திறந்ததும் மணிக்கென வைத்த பணத்தில் குண்டுகளும் கூம்பும் வாங்கினான். குறைந்ததைத் தந்தையார் கொடுக்கச் சங்கிலியும் பற்சக்கரமும் வாங்கப்பெற்றன. அதன்பின் தங்கை மீண்டும் கேரியரில் ஏறி அமர்ந்தாள். வண்டியில் பழைய மணியே இருந்தது. சக்கரம் மட்டும் ஒலியின்றிச் சுழன்றது.

கருவிகளைப் பேணுதலாவது, அவற்றின் மேனியைப் பளபளக்கச் செய்வதன்று. உள்ளே திறந்து நோக்குதலும், கண்ட குறையை மறையாது களைதலுமே உண்மையான பேணுதலாகும்.