பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கஞ்சி

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்கள் ஊர். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மகன் திருப்பூரில் இருக்கிறார். வேலைக்குப் போகும்போது தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவேன். கொஞ்ச நாளாக, "எனக்கு எதுக்குத் தாயி இதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சட்டியைக் கழுவித் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரும் இல்லை. எங்கள் கோயிலில் ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தவர்கள் பெயர்கூட எழுதியிருக்கிறது. எனக்கு அதற்குக்கூட வசதியில்லை. நான் செய்வது ஊழியத்தில் சேருமா? இதனால் யாருக்கு என்ன நன்மை?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஊழியத்தில் சேருமா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் செய்வது ஊழியம்தான். மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசி நாளில் ஆண்டவர் விசாரிப்பதாகச் சொல்லப்படுபவை எல்லாம் வீட்டுக் காரியங்கள்: சோறு, தண்ணீர், துணி, நோயாளியைப் போய்ப் பார்த்தது, சிறையிலிருப்பவனைப் போய்ப் பார்த்தது. அங்கே பாராட்டுப் பெறுகிறவர்களுக்குத் தாங்கள் செய்தது நினைவில்கூட இல்லை. எப்போது செய்தோம் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. யோப்பா பட்டணத்துத் தொற்காளையும் பாருங்கள். அவள் பேசியதாக வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அவள் இறந்த வீட்டில் விதவைகள் அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைப் பேதுருவிடம் எடுத்துக் காட்டினார்கள். அவளுக்குச் சாட்சி அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

பாட்டி நம் சபையா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் நல்ல சமாரியன் அப்படி எதுவும் விசாரிக்கவில்லை. கஞ்சி கஞ்சியாகவே இருக்கட்டும். அதைத் தூண்டிலில் கோர்த்த இரையாக்கினால் அன்பு போய்விடும்.

இப்போது பாட்டியின் கோபத்துக்கு வருவோம். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை என்றே நினைக்கிறேன். கரிசல் மண்ணில் பருத்தி எடுத்து, களை வெட்டி, மழை பொய்த்த வருஷத்திலும் பிள்ளையை ஆளாக்கிய கை அது. ஒரு நாள் ஏதோ முடியாமல் இருந்தபோது வாங்கிக்கொண்டார். அதுவே தினசரி ஆனதும், தான் வாங்கித் தின்கிற ஆள் ஆகிவிட்டோமே என்று உள்ளுக்குள் குன்றிப்போகிறார். சட்டியைக் கழுவி வைக்கிறாரே, அதைக் கவனியுங்கள். திருப்பிக் கொடுக்கத் தன்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறார்.

இந்த இடத்தில் நமக்கு வேதம் ஒரு வழி காட்டுகிறது. கொடும் பஞ்ச காலத்தில் காகங்களைக்கொண்டு எலியா தீர்க்கதரிசிக்குச் சாப்பாடு கொடுத்த கடவுள், பிறகு சாறிபாத் ஊர் விதவையிடம் அவரை அனுப்புகிறார். மழையில்லாமல் ஓடை வற்றிவிட்டது. அவள் ஊர்வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சமைத்துத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று இருக்கிறாள். அவளிடம் போய் எலியா முதலில் தண்ணீர் கேட்கிறார், பிறகு அப்பம் கேட்கிறார். இல்லாதவளிடம் கேட்கலாமா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த ஊரில் யாராவது அவளிடம் கடைசியாக ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாகியிருக்கும்! பிழைப்பற்றவளாக இருந்தவள் அன்று விருந்து படைக்கிறவளானாள்.

சீகார் கிணற்றடியிலும் இதுவே நடக்கிறது. உச்சி வெயிலில் களைத்து உட்கார்ந்திருந்த இயேசு, தன் இனத்தார் புழங்காத சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறார். எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்று பார்த்த ஊர்கள் நம்முடையவை. அவர் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்கு நன்றாகவே விளங்கும். ஊரார் கண்ணில் படாமல் வந்தவள்போல் தெரிகிற அந்தப் பெண், குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி எல்லாரையும் கூப்பிடுகிறாள்.

ஆகவே, கொடுப்பதோடு நிறுத்தாமல் பாட்டியிடம் கேளுங்கள். காணத் துவையல் எப்படி அரைக்க வேண்டும் என்று கேளுங்கள். குதிரைவாலிச் சோறு குழையாமல் வடிக்கிற பக்குவம் கேளுங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்து நீங்கள் திரும்பும்வரை பாட்டி வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும். உங்களுக்கு அது உண்மையாகவே உதவியாக இருக்க வேண்டும். பாவனையாகக் கேட்டால் முதியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

சிறிய காரியத்தால் என்ன நன்மை என்று கேட்டிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் 1890களில் புளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாத ஒருசில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். இன்று அது அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கஞ்சி நாளைக்கு ஒரு நிறுவனமாக வளர வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கிழவி ஒரு வேளை பசியாறினாள் என்பதே முழுமையான நன்மை.

நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல சமாரியன்கூட மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். உங்களால் முடியாத நாளில் எதிர் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாட்டியின் மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்துப் பேசவிடுங்கள். முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று விசாரியுங்கள். வரவில்லை, தகுதி இருக்கிறது என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாத நிலை வந்தால் முதியோர் உதவி எண் 14567. கட்டணம் இல்லை.