பர்மாவிலிருந்து வந்தோர் சொல்லும் வரலாறு

வரலாறு என்றவுடன் உத்திரமேரூர்க்காரர்களாகிய நாம் பெருமையுடன் காட்டுவது பராந்தக சோழனின் கல்வெட்டுகளையே. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில் குடவோலை முறை விளக்கப்பட்டுள்ளது. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் வாரியத்துக்கு வரலாகாது என்னும் விதிகூட அதில் உண்டு. ஆனால் ஏரிக்குக் கீழே நிலத்தை உழுதவன் என்ன நினைத்தான் என்பதைக் கல் சொல்லவில்லை. அத்தகையோரின் சொல்லைக் கேட்டு எழுதுவதே வாய்மொழி வரலாறு. அதனைப் பயில ஏற்ற இடம் பர்மா அகதிகள் குடியேறிய சென்னை வியாசர்பாடி எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஐராவதிக் கழிமுக வயல்களுக்கும் இரங்கூன் நகருக்கும் தமிழர் கப்பலேறினர். 1942 இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பல லட்சம் இந்தியர் வெளியேறினர். பலர் மலைக்காடுகள் வழியே அசாமுக்கு நடந்தனர். 1962 இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. மீண்டும் கப்பல்கள், இம்முறை சென்னையை நோக்கி. இவ்வளவும் நூல்களிலேயே கிடைக்கும்.

முதியோரிடம் ஆண்டைக் கேட்டால் விடை குழம்புகிறது. பெற்றோர் நடந்த நடையும் தாம் வந்த கப்பலும் ஒரே பயணமாகிவிடுகின்றன. தகரப்பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள் என்று நான் கேட்டபோது நினைவு தெளிந்தது. சோதனையில் பறிகொடுத்த நகையின் எடையைக்கூடச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கப்பல் ஓடிய நாள்களைக் கணவர் ஒருவாறும் மனைவி வேறாகவும் கூறினர். இரண்டையும் எழுதிக்கொண்டேன். எது சரி என்பதைத் துறைமுக ஏடு சொல்லட்டும். அந்த அம்மையார் கைக்குழந்தையுடன் கீழ்த்தளத்தில் கிடந்தார் என்பதை எந்த ஏடு சொல்லும்?

உணவும் ஒரு சான்றுதான். பர்மாவில் மொய்ங்கா காலை உணவு. சென்னையிலோ அதுவும் அத்தோவும் மாலைநேரத் தள்ளுவண்டிப் பண்டங்களாயின. வீட்டுச் சமையலே பிழைப்பாக மாறியதை இதிற்காண்கிறோம். (வாழைத்தண்டு போட்ட அச்சூடான சாற்றை நான் இருமுறை வாங்கிக் குடித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.) கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே 1969 இல் தோன்றிய பர்மா பஜாரும் இவர்கள் முயற்சியே.

எல்லோரும் இங்கே தங்கிவிடவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்ப எண்ணிச் சிலர் மணிப்பூர் எல்லைவரை சென்றனர். பர்மியப் படையினர் உள்ளே விடாததால் மோரே என்னும் எல்லை ஊரிலேயே குடியேறினர். அங்கே தமிழர் கட்டிய அங்காளபரமேசுவரி கோயில் இன்றும் உண்டு. தாய்நாடு எது என்ற வினாவுக்கு இவர்கள் நடந்தே விடை தேடினர் போலும்!

1964 இல் பத்து வயதில் கப்பலேறியவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். பேரப்பிள்ளைகளுக்குப் பர்மிய மொழி தெரியாது. காலையில் இங்கிருந்து பேருந்து ஏறினால் வியாசர்பாடியில் நாலைந்து பேரிடம் பேசிவிட்டு இரவுக்குள் திரும்பலாம். விடுமுறையில் உடன்வர விரும்பும் நண்பர்கள் ஒரு குறிப்பேட்டுடன் வருக.